தீக்குச்சி கொடுத்த வாக்கு

மத்தியானச் சங்கு ஊதியதும் பொம்மைக் கம்பெனிப் பெண்கள் எல்லாரும் தூக்குவாளியோடு வேப்ப மரத்தடிக்குப் போவார்கள். பாக்கியமேரி மட்டும் எதிர்ப்பக்கமாக நடப்பாள். உடைசல் கொட்டி வைத்திருக்கும் குவியலுக்குப் பின்னால், தும்பிக்கை போன பிள்ளையார்களுக்கும் கையொடிந்த குழந்தை இயேசுகளுக்கும் நடுவில், கவிழ்த்துப் போட்ட ஒரு வாளியின் மேல் உட்காருவாள். களிமண் காய்ந்து வெளுத்திருக்கும் விரல்களை முந்தானையில் அழுந்தத் துடைத்துக்கொள்வாள். பிறகு இடுப்பிலிருந்து அந்தப் போனை எடுப்பாள்.

அது அவள் போன் அல்ல. ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை கண்ணாடி விரிசல் விட்டிருக்கும் அந்தப் போன், வேப்பூர் நெடுஞ்சாலையில் ஒரு லாரியின் சக்கரத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. அதன் சொந்தக்காரனை எடுத்துவந்தபோது முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மூடியபடியே கல்லறைக்குக் கொண்டுபோனார்கள். இருபத்திரண்டு வயது. கிளமெண்ட் என்று பெயர். பாக்கியமேரி பெற்ற ஒரே பிள்ளை.

"இன்னாடி மேரி, டெய்லி உடைசலுக்குப் பின்னால யாருகூடக் கொஞ்சல்?" ஒருநாள் உடன் வேலை செய்யும் கொளஞ்சி கேலியாகக் கேட்டாள். "இந்த வயசுல இதெல்லாம் தேவையா?"

"எம் புள்ளகூட" என்றாள் பாக்கியமேரி.

மரத்தடியில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் வாயில் வைத்த சோற்றை விழுங்க முடியாமல் திகைத்தார்கள். அதற்குப் பிறகு யாரும் கேட்டதில்லை.

சேத்தியாத்தோப்புப் பக்கத்தில் பிறந்தவள் அவள். கல்யாணமாகி விருத்தாசலம் வந்து, அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொம்மைகளுக்குப் பிசிறு எடுக்கும் வேலையில் சேர்ந்தவள். புருஷன் இஞ்ஞாசி, அதே பேட்டையில் வேறொரு கம்பெனியில் சூளைக்குப் பொம்மை அடுக்குகிறவர். பல வருஷம் பிள்ளை இல்லாமல், கோணாங்குப்பம் மாதா கோயிலுக்கு நடையாய் நடந்து, முட்டி தேய ஜெபித்துப் பெற்ற பிள்ளை கிளமெண்ட். கொடுத்த மாதாவே எடுத்துக்கொண்டாளா? அதை அவள் யாரிடம் போய்க் கேட்பாள்!

அவன் செத்த அன்று காலையில் வீட்டில் சண்டை. சண்டை, அந்தப் போனால் வந்தது. 'ஏழு சுடர்' என்று ஒரு விளையாட்டு. அதில் இவன் மந்திரவாதி. அங்கியும் கோலும் வைத்துக்கொண்டு கையிலிருந்து தீ வரவழைப்பான். வேலைக்குக் கிளம்பாமல் அதிலேயே உட்கார்ந்திருந்தவன் கழுத்தைப் பார்த்தாள். மாதா கோயிலில் மந்திரித்து அவள் கட்டிவிட்ட உத்தரியம் இல்லை. காவி நூலில் கோத்த அந்தத் துணித்துண்டைக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தான்.

"மாதாவக் கழட்டி ஆணியில மாட்டிட்டு மந்திரவாதி வேஷமாடா போடுற? சாத்தான் வேலைடா இது! என் மூஞ்சியிலயே முழிக்காத!"

அம்மாவின் வாயிலிருந்து வரக்கூடிய வார்த்தையா அது? வந்துவிட்டது. அவனும் விடவில்லை. வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வாசலில் திரும்பிப் பார்க்காமலே சொன்னான்:

"போறேன்."

எந்தப் பிள்ளையும் வீட்டை விட்டுக் கிளம்பும்போது சொல்லக்கூடாத வார்த்தை. போறேன். அவள் கூப்பிட்டிருக்கலாம். "போறேன்னு சொல்லாதடா, போயிட்டு வரேன்னு சொல்லுடா" என்று ஓடிப்போய் மறித்திருக்கலாம். வீம்புக்கு அடுப்படிக்குள் போய்விட்டாள். வெளியே வண்டி உடனே கிளம்பவில்லை. கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் நின்றது. அப்புறம்தான் புறப்பட்டது. அந்தக் கொஞ்ச நேரம் அவன் என்ன செய்தான் என்பது அவளுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

சொன்னவன் பிரபாகரன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செல்போன் கடை வைத்திருப்பவன். கிளமெண்டுக்கு அண்ணன் மாதிரி. அவனும் அந்த விளையாட்டை ஆடுகிறவன். துக்கம் கழிந்து, போனைப் பழுதுபார்க்கக் கொடுத்தபோது, அவன் விளையாட்டைத் திறந்து அவளிடம் நீட்டினான்.

"யக்கா, இதப் பாருங்க. கிளமெண்டு இங்கதான் நிக்கிறான்."

பெரிய கல் மண்டபம். மணிமுத்தா மன்றம் என்று பெயராம். நம் ஊர்ப் பையன் எவனோ ஆரம்பித்து, இப்போது எங்கெங்கோ இருக்கிற, ஒருவரை ஒருவர் நேரில் பார்த்திராத தமிழ்ப் பிள்ளைகள் சேர்ந்த கூட்டம். அதில் ஒரு மேடையில், மெலிந்த உருவம் ஒன்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. சிவப்பு அங்கி. பெயர் தீக்குச்சி. தலைக்கு மேலே சுடர் எழுத்தில் மூன்று சொல் மின்னியது.

'போயிட்டு வரேன், மக்களே.'

"ஆடாதப்ப அவங்கவங்க கடைசியா சொன்னது தலைமேல நிக்கும்க்கா. அன்னிக்கிக் காலையில, வண்டிமேல உக்காந்துக்கிட்டு அடிச்சிருக்கான்."

பாக்கியமேரி போனை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு அந்தக் கடையிலேயே கதறினாள். தனக்குச் சொல்லாமல் போனதை என் பிள்ளை இங்கே சொல்லிவிட்டுப் போயிருக்கிறானே! யாருக்கோ சொன்னாலும் சொன்னானே!

"இது இப்படியே இருக்குமா தம்பி?"

பிரபாகரன் தலையைச் சொறிந்தான். "இருக்காதுக்கா. இந்த கேம்ல மேஜிக்குக்குச் சட்டம் இருக்குது. இஷ்டத்துக்குப் பண்ண முடியாது, பண்ணாமயும் இருக்க முடியாது. மூணு மாசம் ஒரு மந்திரமும் போடாத மந்திரவாதி மண்ணாக் கரைஞ்சிடுவான். சுடர் விதின்னு பேரு. இவனுக்கு நாள் நெருங்குது."

"அப்ப நீ போடுடா!"

"இன்னொருத்தன் கையால போடக்கூடாது. இரவல் கைன்னு சொல்லுவாங்க. பெரிய குத்தம். புடிச்சாங்கன்னா மன்றமே கூடி கரைச்சிடும்."

மந்திரம் மாயம் எல்லாம் சாத்தான் வேலை என்று மகனை விரட்டியவள், நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, கட்டை விரலால் அன்றைக்குத் தன் முதல் மந்திரத்தைப் போட்டாள். விளக்கேற்றும் மந்திரம். இருப்பதிலேயே சின்னது. தீக்குச்சி கையைத் தூக்கினான். மேடையில் ஓர் அகல் எரிந்தது. மகன் கையைத் தூக்கினான் ஐயா! மண்ணுக்குள் மூடிய கை அவள் விரல் பட்டுத் தூக்கியது!

"மாசத்துக்கு ஒருதடவ ஏத்துனாப் போதும்க்கா" என்றான் பிரபாகரன்.

"மாதா கெபிக்கு மாசத்துக்கு ஒருதடவதான் ஏத்துறோமா?" என்றாள் அவள்.

அன்றிலிருந்து தினமும் உடைசல் குவியலுக்குப் பின்னால் விளக்கேற்றினாள். வாயே திறக்கவில்லை. யாராவது "குச்சி, எப்படிடா இருக்க?" என்று கேட்டால் பதில் போடமாட்டாள். பேசினால் தலைமேல் நிற்கும் அவன் வார்த்தை அழிந்து, இவள் வார்த்தை வந்து உட்கார்ந்துவிடுமே! அழக்கூட வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

இஞ்ஞாசிக்கு இது பிடிக்கவில்லை. ஒருநாள் சூளை வேலை முடிந்து சாம்பல் பூத்த தலையோடு வந்தவர், அவள் போனைத் துடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துக் கொதித்துப் போனார்.

"செத்தவன வெச்சிப் பொம்மலாட்டம் ஆடுறியாடி? கல்லறைக்கு மெழுகுவத்தி கொண்டுபோவ நேரமில்ல, அங்க விளக்கேத்துறாளாம் விளக்கு!"

"கல்லறையில அவன் ஒண்ணும் சொல்லலங்க. இங்கதான் சொல்லியிருக்கான்."

"இன்னா சொல்லியிருக்கான்?"

அவள் போனை நீட்டினாள். அவர் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார். வெகுநேரம் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

இப்படியே போயிருந்தால் போயிருக்கும். ஆனால் அவளையறியாமல் அவள் செய்த ஒரு காரியம் அவளைக் காட்டிக்கொடுத்தது.

அந்த விளையாட்டில் விளக்கேற்றுகிறவர்கள் கிளம்பும்போது அதை ஊதி அணைத்துவிட்டுப் போவார்கள். அதற்கென்றே ஒரு பொத்தான் உண்டு. கிளமெண்டும் அப்படித்தான். தோரணையாக ஊதிவிட்டுப் போவானாம். பாக்கியமேரியோ மாதா முன்னால் ஏற்றிய மெழுகுவத்தியை வாயால் ஊதி அறியாதவள். அது தானாக எரிந்து முடிய வேண்டும். அந்த வழக்கத்தில் மேடை விளக்கையும் ஊதாமல் விட்டாள். ஏற்றிய விளக்கெல்லாம் எரிந்தன. தீக்குச்சியைச் சுற்றி விளக்குக் காடு. தூரத்தில் இருந்து பார்த்தால் கல்லறைத் திருநாள் மாதிரி இருந்தது.

வெள்ளிப்பல்லி என்று ஒருவன் அதைக் கவனித்தான். பழைய ஆள், சட்டம் தெரிந்தவன். மன்றத்தில் குற்றம் வைத்தான்: 'தீக்குச்சி பேசுவதில்லை. சண்டைக்கு வருவதில்லை. விளக்கை ஊதுவதில்லை. இது அவன் கை அல்ல. இரவல் கை. கரைக்க வேண்டும்.'

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மன்றம் கூடி விசாரிக்கும் என்று அறிவிப்பு வந்தது. பதில் சொல்ல ஆள் வராவிட்டால் குற்றம் உறுதி.

செய்தி கேட்டு, வேலையைப் போட்டது போட்டபடி கடைக்கு ஓடிவந்தாள் பாக்கியமேரி. கையில் ஈரக் களிமண் அப்படியே இருந்தது.

"ரெண்டாந்தடவ என் புள்ளைய மண்ணுல போட உடமாட்டேன் தம்பி! நான் செத்தாலும் உடமாட்டேன்! எதாவது வழி சொல்லு!"

"வழி இல்லக்கா. சட்டம் அப்படி. நீங்க அவன் ஐடியில போயி ஒரு வார்த்த பேசினாலே அவன் கடைசி வார்த்தை போயிடும். பேசாம இருந்தா ஆளே போயிடுவான்."

"அந்தச் சட்டம் முழுசையும் படி. நான் கேக்குறேன்."

அவன் அலுத்துக்கொண்டே படித்தான். எந்த மந்திரத்தை யார்மேல் போடலாம், போடக்கூடாது என்று நீண்டுகொண்டே போயிற்று. உறங்குகிறவன்மேல் தீ விடக்கூடாது. நீர் குடிக்கிற இடத்தில் நஞ்சு மந்திரம் ஆகாது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பூசையில் வாசகம் கேட்பது போலக் கேட்டாள்.

"வாக்கு விதி: மன்றத்துக்குள் ஒரு மந்திரவாதி சொல்லும் வாக்கு அவனைக் கட்டும். வாக்கு நிறைவேறும் வரை அவனைக் கரைக்க யாருக்கும் உரிமை இல்லை. அவன் கையை மூடி, முத்திரையிட்டு, அவன் வரும்வரை காக்க வேண்டும்..."

"இரு" என்றாள் பாக்கியமேரி. கண்ணைத் திறந்தாள். "திருப்பிப் படி."

அவன் திரும்பப் படித்தான். அவள் போனைக் காட்டினாள். சிவப்பு அங்கிக்கு மேலே மின்னியது: 'போயிட்டு வரேன், மக்களே.'

"இது வாக்கா இல்லியா?"

"யக்கா... அது சும்மா... கெளம்பும்போது எல்லாரும் சொல்றதுக்கா."

"என்கிட்ட சொல்லலியே! எல்லாரும் சொல்றதுன்னா என்கிட்டயும் சொல்லியிருப்பானே!"

பிரபாகரன் மீதியைப் படித்தான். "கடைசியில இன்னொரு வரி இருக்குதுக்கா. செத்தவனை வாக்கு கட்டாது." அவன் குரல் தாழ்ந்தது. "அவன் செத்தது மன்றத்துல யாருக்கும் தெரியாது. துபாய் போயிருக்கான், வருவான்னு சொல்லிடுங்க. அவ்வளவுதான்."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"வேற வழி?"

அவளுக்கென்று புதிதாக ஓர் உருவத்தை அவனே உண்டாக்கிக் கொடுத்தான். கோல் கிடையாது. கந்தல் அங்கி. "பேரு இன்னா வைக்க?" என்று கேட்டான்.

அவள் யோசிக்கவே இல்லை. "தீப்பெட்டி."

ஞாயிறு வந்தது. பூசையில் பாக்கியமேரிக்குச் சாமியார் பிரசங்கம் எதுவும் காதில் ஏறவில்லை. விசுவாசப் பிரமாணம் சொல்ல எல்லாரும் எழுந்தபோது அவளும் எழுந்தாள். செத்தவர்கள் உடலோடு எழுந்து வருவார்கள் என்கிற இடம் வந்ததும் அவள் குரல் மட்டும் நின்றுவிட்டது. சின்ன வயதிலிருந்து வாரம் தவறாமல் சொன்ன வார்த்தை. சும்மாதானே சொல்லிக்கொண்டிருந்தோம் என்று முதல்முறையாகத் தோன்றியது.

கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பிரபாகரன் போனை ஒரு டப்பாமேல் சாய்த்து வைத்தான். தீப்பெட்டி மண்டபப் படியேறிப் போனாள். இரு பக்கமும் கழுகுத் தலையும் மான் கொம்புமாக மந்திரவாதிகள். நேர் எதிரே மேடை.

பாக்கியமேரி போனுக்கு நேராகக் குனிந்தாள்.

இதுவரை அவள் பார்த்ததெல்லாம் அவன் முதுகு. அந்த விளையாட்டில் தன் ஆளை முதுகுப் பக்கமிருந்துதான் பார்க்க முடியும் என்று நினைத்திருந்தாள். இன்றைக்கு வேறொருத்தியாக வந்து நிற்கிறாள். அவன் முகத்தை நேருக்கு நேர் பார்க்கிறாள். கல்லறைக்குப் போகும்போதும் பார்க்கக் கிடைக்காத முகம்!

பிள்ளையின் ஜாடை ஒன்றும் இல்லை. ஏதோ பொம்மை முகம்தான். ஆனால் அந்தக் கழுத்தில்... சிவப்பு அங்கிக்குள்ளிருந்து ஒரு காவி நூல் எட்டிப் பார்த்தது. நுனியில் சின்னத் துணித்துண்டு. தானே வரைந்து மாட்டியிருக்கிறான். வீட்டில் ஆணியில் மாட்டிவிட்டு, இங்கே கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறான்!

"டேய்... டேய் கிளமெண்டு..." அவள் கடைப் பலகையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"யக்கா, மைக்கு ஆன்ல இருக்குது!" என்று பிரபாகரன் பதறினான்.

"யாருங்க அழறது?" போனிலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. மன்றத் தலைவி கார்முகில். எந்த ஊரோ, யாரோ. பின்னால் குக்கர் விசிலடித்தது. "தீப்பெட்டி, நீங்க யாரு?"

"தீக்குச்சியோட அம்மாம்மா."

மண்டபத்தில் சலசலப்பு. தலைவி அடக்கினாள். "வெள்ளிப்பல்லி, உங்க குத்தத்தைச் சொல்லுங்க."

"சொல்றனுங்க" என்றது கோயமுத்தூர்ப் பக்கத்துக் குரல். "குச்சியோட கையில வேற யாரோ மந்திரம் போடறாங்க. அம்மாவே இருந்தாலுஞ் செரி, இரவல் கை இரவல் கைதானுங்க. ஒருத்தருக்குன்னு விட்டா நாளைக்கு எல்லாரும் காசு குடுத்து ஆள் வெச்சு ஆடுவாங்க. சட்டம்னு ஒண்ணு எதுக்குங்க இருக்குது?"

"அம்மா, நீங்கதான் போட்டீங்களா?"

"ஆமாம்மா. நான்தான். நான்தான் போட்டேன்." அவள் எதையும் மறைக்கவில்லை. "என்ன வேணா பண்ணுங்க. ஆனா அவனக் கரைக்க உங்களுக்கு உரிமை இல்ல. அவன் வாக்கு குடுத்துட்டுப் போயிருக்கான். தலைக்கு மேல பாருங்க."

எல்லாரும் பார்த்தார்கள். பிறகு யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"ஏனுங்கம்மா, இதெல்லாம் ஒரு வாக்குங்களா?" என்றான் வெள்ளிப்பல்லி. "கெளம்பறப்ப அல்லாரும் சொல்றதுதானுங்க. அப்பிடிப் பாத்தா நானுந்தான் டெய்லி வாக்குக் குடுக்கறேன்!"

"குடுக்குறல்ல? டெய்லி வர்றியா இல்லியா?"

இன்னும் நாலைந்து பேர் சிரித்தார்கள். குக்கர் மறுபடி விசிலடித்தது. "ஒரு நிமிஷம், அடுப்ப அமத்திட்டு வரேன்" என்று தலைவி போனாள். வந்தாள்.

"யம்மா தலைவி" என்றாள் பாக்கியமேரி. "இப்ப நீ அடுப்படிக்குப் போனியே. வரேன்னு சொல்லிட்டுத்தானே போன? வந்தியா இல்லியா?"

"வந்தேன்..."

"வர்றதுக்காகத்தானே சொன்ன?" அவளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு வார்த்தை வந்ததோ! "சும்மா சொல்றது, சும்மா சொல்றதுங்கிறீங்களே. சாவு வூட்டுக்குப் போயிருக்கீங்களா? திரும்பும்போது யாராச்சும் போயிட்டு வரேன்னு சொல்றாங்களா? வாய மூடிக்கிட்டு எழுந்து போறாங்களே, ஏன்? வெறும் வார்த்தைன்னா அங்கயும் சொல்லலாமே! சொன்னா திரும்ப வந்துடணுமேன்னு பயம். அவ்வளவு பலம் அந்த வார்த்தைக்கு! இங்க மட்டும் எப்படி சும்மாவாவும்?"

யாரும் சிரிக்கவில்லை.

கடை ஷட்டருக்கு வெளியே ஒரு நிழல் அசைந்தது. குனிந்து உள்ளே வந்தவர் இஞ்ஞாசி. கோயிலிலிருந்து அவள் பின்னாலேயே வந்திருக்கிறார். எவ்வளவு நேரமாக நின்று கேட்டாரோ! சுவரோரம் போய் நின்றார்.

"அம்மா" என்றாள் தலைவி, மெதுவாக. "வாக்குன்னே வெச்சிக்குவோம். வாக்கு குடுத்தவரு வருவாரான்னு நான் கேட்டே ஆகணும். அது சட்டம். சொல்லுங்க. வருவாரா?"

துபாய், துபாய் என்று பிரபாகரன் உதட்டை அசைத்தான். ஒரே ஒரு பொய். சொன்னால் பிள்ளை நிற்பான். அவன் தந்த வாக்கைத் தாங்கிப் பிடிக்கத் தாய் பொய் சொல்வதா? சொல்லாவிட்டால், மேடையோடு மண்ணாகச் சரிவானே! பச்சைப் பொம்மையைத் தண்ணீரில் போட்டால் கரைவதைத் தினமும் பார்க்கிறவள் அவள். முதலில் மூக்கு போகும். அப்புறம் வாய்.

காலையில் கோயிலில் நின்றுபோன குரல் இப்போது வந்தது.

"வருவான்" என்றாள்.

"எப்பம்மா?"

"எல்லாரும் வர்ற அன்னிக்கு."

சுவரோரம் நின்ற இஞ்ஞாசி, சூளைக்குள் நிற்பவர்போல முகமெல்லாம் கொதிக்க, துண்டை வாயில் திணித்துக்கொண்டார்.

எங்கோ ஒரு வீட்டில் குழந்தை அழும் சத்தம் தலைவியின் மைக் வழியாகக் கேட்டது. பிறகு அவள் குரல் வந்தது. உடைந்திருந்தது. "சட்டப்படி நான் இன்னொரு கேள்வி கேக்கணும். அது என்னன்னு எல்லாருக்கும் தெரியும். குத்தம் வெச்சவரு கேக்கச் சொன்னாத்தான் கேப்பேன். வெள்ளிப்பல்லி, கேக்கட்டுமா?"

பாக்கியமேரி இரண்டு கையையும் கோத்துக்கொண்டாள். மாதாவே, அந்தக் கேள்வி மட்டும் வேண்டாம். அதற்கு அவளிடம் பதில் ஒன்றுதான் இருக்கிறது.

"வேண்டாமுங்க" என்றான் வெள்ளிப்பல்லி. "நம்ம குச்சி வாக்குக் குடுத்துட்டுத்தானுங்க போயிருக்கறான்."

கார்முகில் கோலை ஊன்றினாள். "தீக்குச்சி வாக்குல நிக்கிறாரு. முத்திரை போடுறேன். அம்மா, ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. முத்திரை போட்டா அவரு கை மூடிடும். அவரா வந்து திறக்கிற வரைக்கும் யாராலயும் அசைக்க முடியாது. உங்களாலயும்."

இனி அவன் கையைத் தூக்கமாட்டான். அவள் விரல் பட்டு உயிர் வந்த கை அது. ஒரே ஒருமுறை, கடைசியாக ஒரே ஒரு விளக்கு என்று கெஞ்ச வாயெடுத்தாள். கெஞ்சவில்லை.

"போடும்மா" என்றாள்.

சிவப்பு அங்கி மெல்ல வெளுத்தது. முகம் வெளுத்தது. சூளையிலிருந்து முதல் வேக்காட்டில் எடுத்த பொம்மையைப் போல, வண்ணம் பூசாத வெண்மையில் நின்றான் தீக்குச்சி. காவி நூல்கூட வெளுத்துவிட்டது. தலைமேல் எழுத்து மட்டும் அப்படியே மின்னியது. இனி அதை யாரும் அழிக்க முடியாது.

ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். மான்கொம்பு போனது. கழுகுத் தலை போனது. வெள்ளிப்பல்லி மேடைக்கு முன்னால் வந்து சற்று நின்று, படியிறங்கிப் போனான். கடைசியாகத் தலைவி போனாள்.

ஒருத்தரும் போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை.

எப்போதும் கூச்சலாக விடைபெறுகிற கூட்டம், வாயைத் திறக்காமல் எழுந்து போனது. பாக்கியமேரிக்குப் புரிந்துவிட்டது. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் முத்திரை போட்டிருக்கிறார்கள். தன் பிள்ளையின் சாவுக்கு இன்றைக்குத்தான் இவர்கள் வந்துபோகிறார்கள். கல்லறையில் மண்ணள்ளிப் போட்ட அன்றைக்கு வராத அழுகை இப்போது வந்தது.

அழுது ஓய்ந்தபோது இஞ்ஞாசி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். போனை இழுத்துத் தன் முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டார்.

"கழுத்துல இன்னா அது?"

"உத்தரியங்க."

அவர் விரலால் அந்தக் கண்ணாடியை, விரிசலோடு சேர்த்து, மெல்லத் தடவினார். "போட்டிருந்தானா" என்றார். "எம் புள்ள போட்டிருந்தானா." அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "வா மேரி, வூட்டுக்குப் போவலாம்."

"இருங்க. சொல்லிட்டு வரேன்."

வெறிச்சோடிய மண்டபத்தில், வெளுத்து நின்ற மகனுக்கு முன்னால், கந்தல் அங்கியோடு தீப்பெட்டி நின்றாள். சுற்றிலும் அவள் ஊதாமல் விட்ட விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. பாக்கியமேரி ஓர் எழுத்தைத் தேடி அழுத்தினாள். தப்பாக விழுந்தது. அழித்தாள். மறுபடி தப்பாக விழுந்தது. கண்ணீரில் எழுத்தெல்லாம் ஒன்றாகக் கலங்கின.

"குடுங்கக்கா, நான் அடிச்சித் தரேன்" என்று பிரபாகரன் கையை நீட்டினான்.

"வேணாம் தம்பி" என்றாள் அவள், போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு. "இரவல் கை கூடாது."